தண்டுவடக் காயத்திற்குப் பிந்தைய நடைப் பயிற்சி: ஆராய்ச்சியின் வரலாறு

முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு வடம் சிதைவுறுவதே தண்டுவடக் காயம் எனப்படுகிறது. சாலை விபத்து, மரத்திலிருந்தோ கட்டடத்திலிருந்தோ விழுதல், துப்பாக்கிக் குண்டு, கட்டி, கிருமித் தொற்று எனப் பல காரணங்களால் இது நேரலாம். காயத்திற்குக் கீழே உள்ள உடற்பகுதிகளில் அசைவும் உணர்வும் குறைகின்றன. சிலருக்கு அவை முற்றிலும் நின்றுவிடுகின்றன. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் இன்று இந்நிலையுடன் வாழ்கின்றனர். காயம்பட்டவரும் அவருடைய குடும்பத்தாரும் மருத்துவரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: மீண்டும் நடக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கான விடை கடந்த நூறு ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. மூளையின் கட்டளையைக் கால்களுக்குக் கடத்தும் வெறும் கம்பியாகவே தண்டுவடம் நெடுங்காலம் கருதப்பட்டது. கம்பி அறுந்தால் விளக்கு எரியாது என்பதுபோல், தண்டுவடம் அறுந்தால் நடை இல்லை என்று முடிவு கட்டினர். தண்டுவடம் தானே சில வேலைகளைச் செய்யும், பயிற்சி கொடுத்தால் கற்றுக்கொள்ளவும் செய்யும் என்பது பிறகு தெரியவந்தது. இன்றைய நடை மறுவாழ்வு முறைகள் பலவும் இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து கிளைத்தவை. அது எவ்வாறு வந்தது, அதனால் நோயாளிகளுக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தண்டுவடமும் காயத்தின் அளவும்

வளர்ந்த மனிதரின் தண்டுவடம் ஏறத்தாழ 45 செ.மீ. நீளமும் சுண்டுவிரல் அளவு பருமனும் கொண்டது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து உடலெங்கும் செல்கின்றன. கால்களை இயக்கும் நரம்பணுக்கள் இடுப்புப் பகுதிக்குரிய தண்டுவடத்தில் திரண்டுள்ளன. காயங்களில் பெரும்பாலானவை இதற்கு மேலே, கழுத்திலோ மேல்முதுகிலோ நேர்கின்றன. எனவே காயத்திற்குப் பிறகும் கால்களுக்குரிய நரம்பணுத் தொகுதி பெரும்பாலும் சேதமின்றியே இருக்கிறது. அறுபட்டிருப்பது மூளையுடனான தொடர்பு மட்டுமே. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

எல்லாக் காயங்களும் ஒரே அளவானவை அல்ல. 1969-இல் பிரிட்டனின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையைச் சேர்ந்த ஹான்ஸ் பிராங்கலும் அவருடைய குழுவினரும் காயத்தின் கடுமையை ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து படிகளாகப் பிரித்தனர். அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கம் இதைப் பின்னர் செப்பம் செய்தது. ‘ஏ’ என்பது முழுமையான காயம். தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் வரை அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. ‘பி’ படியில் உணர்வு மட்டும் எஞ்சியிருக்கும். ‘சி’, ‘டி’ படிகளில் ஓரளவு அசைவும் இருக்கும். ‘இ’ என்பது இயல்பு நிலை. தொடக்கத்தில் ‘சி’, ‘டி’ படியில் இருப்போருள் பெரும்பாலோர் ஏதாவது ஒரு முறையில் மீண்டும் நடக்கின்றனர். ‘ஏ’ படியில் இருப்போருள் மிகச் சிலரே நடக்கின்றனர். ஆகவே நடைப் பயிற்சி பற்றிய எந்த ஆய்வைப் படித்தாலும், அதில் பங்கேற்றவர்கள் எந்தப் படியைச் சேர்ந்தவர்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கைவிடப்பட்டவர்களின் காலம்

தண்டுவடக் காயம் பற்றிய மிகப் பழைய குறிப்பு எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்னும் எகிப்திய மருத்துவச் சுவடியில் உள்ளது. ஏறத்தாழ கி.மு. 1600-இல் படியெடுக்கப்பட்ட இச்சுவடி 48 நோயாளிகளின் நிலையை விவரிக்கிறது. கழுத்தெலும்பு பிசகி, கை கால்களின் உணர்வை இழந்து, சிறுநீர்க் கட்டுப்பாடும் போன ஒருவரைப் பற்றிய குறிப்பும் அவற்றுள் உண்டு. அந்நோய்க்கு மருத்துவம் செய்ய இயலாது என்பதே சுவடியின் முடிவு.

இந்த முடிவு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிதும் மாறவில்லை. முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் காயம்பட்ட வீரர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தனர். அவர்களைக் கொன்றது தண்டுவடக் காயம் அன்று. படுத்தே கிடந்ததால் ஏற்பட்ட படுக்கைப் புண்ணும் சிறுநீர்ப் பாதைத் தொற்றுமே அவர்களின் உயிரைப் பறித்தன.

இதை மாற்றியவர்களுள் முதன்மையானவர் லுட்விக் குட்மன். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்த நரம்பியல் மருத்துவரான இவர், நாஜிகளின் ஒடுக்குமுறையால் 1939-இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். 1944 பிப்ரவரி 1 அன்று ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும் தவறாமல், நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைப்பது அங்கு விதியாயிற்று. சிறுநீர்ப்பையைத் தூய்மையாகப் பராமரித்தனர். பெனிசிலினும் அக்காலத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. இறந்துவிடுவார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பிழைத்து, வேலைக்குத் திரும்பினர். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரைக் கொண்டு குட்மன் நடத்திய வில்வித்தைப் போட்டியே பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது.

இந்தியாவில் இத்துறைக்கு வழிகாட்டியவர் மருத்துவர் மேரி வர்கீஸ். கேரளத்தில் பிறந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற இவர், 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். அங்கு 1966-இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அக்கால மறுவாழ்வு முறையின் நோக்கம், எஞ்சியிருக்கும் வலிமையைக் கொண்டு வாழக் கற்பிப்பது. கைகளுக்கு வலுவேற்றுவர்; சக்கர நாற்காலியைப் பயன்படுத்தப் பழக்குவர். நடக்க விரும்பியோருக்கு இரும்புப் பட்டைகள் கொண்ட காலிபர்களை மாட்டி, ஊன்றுகோல் கொடுத்து, உடலை ஊசலாட்டி நகரப் பயிற்றுவித்தனர். செயலிழந்த கால்களுக்கே நடையை மீண்டும் கற்பிக்கலாம் என்ற எண்ணம் அப்போது மருத்துவமனைகளில் இல்லை. அந்த எண்ணத்தின் விதை ஆய்வுக்கூடங்களில் முன்பே விழுந்திருந்தது.

பூனைகளிடம் கற்ற பாடம்

கழுத்தை அறுத்த பிறகும் கோழி சிறிது தூரம் ஓடித் துடிப்பதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். மூளையின் கட்டளை நின்ற பின்னும் கால்கள் அசைகின்றன என்பதற்கு இது எல்லோரும் அறிந்த சான்று. நாமும் நடக்கும்போது எந்தக் காலை எப்போது தூக்குவது என்று எண்ணுவதில்லை. பேசிக்கொண்டே நடக்கிறோம். அப்படியானால் அடியெடுத்து வைக்கும் தாளத்தை உண்டாக்குவது எது?

தண்டுவட அனிச்சைச் செயல்களை விரிவாக ஆராய்ந்தவர் ஆங்கிலேய உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன். 1932-இல் எட்கர் ஏட்ரியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர். நடை என்பது ஒன்றையொன்று தூண்டும் அனிச்சைச் செயல்களின் சங்கிலி என்று அவர் கருதினார். கால் தரையைத் தொடும் உணர்வு அடுத்த அசைவைத் தூண்டுகிறது; அந்த அசைவு அதற்கடுத்ததைத் தூண்டுகிறது என்பது இதன் பொருள்.

லிவர்பூலில் ஆய்வு செய்த தாமஸ் கிரகாம் பிரவுன் 1911-இல் இக்கருத்தைச் சோதித்தார். ஒரு பூனையின் தண்டுவடத்தைத் துண்டித்தார். கால்களிலிருந்து உணர்வைக் கொண்டுவரும் நரம்பு வேர்களையும் வெட்டினார். கீழிருந்து செய்தி வர வழியில்லை. மேலிருந்து கட்டளை வரவும் வழியில்லை. அப்போதும் பின்னங்கால் தசைகள் மாறி மாறிச் சுருங்கின. நடையின் அடிப்படைத் தாளம் தண்டுவடத்திற்குள்ளேயே பிறக்கிறது என்பதை இச்சோதனை காட்டியது. காலை மடக்கும் நரம்பணுக் குழு, நீட்டும் நரம்பணுக் குழு என இரண்டு உள்ளன, ஒன்று செயல்படும்போது மற்றொன்றை அடக்குகிறது என்று அவர் விளக்கினார்.

அவருடைய கண்டுபிடிப்பு அரை நூற்றாண்டுக் காலம் கவனிக்கப்படாமலே கிடந்தது. கிரகாம் பிரவுன் ஆல்ப்ஸ் மலையேற்ற வீரராகவே பலருக்கும் அறிமுகமாகியிருந்தார். 1960-களில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஆண்டர்ஸ் லுண்ட்பெர்க் குழுவினர், தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளுக்கு டோப்பா என்னும் மருந்தைச் செலுத்தி ஆராய்ந்தபோது, அவர் சொன்ன அமைப்பு மீண்டும் கவனத்துக்கு வந்தது. ஸ்டென் கிரில்னர் முதலியோர் 1970-களில் இதைப் பல விலங்குகளில் ஆராய்ந்தனர். நடை, நீச்சல் போன்ற தாள அசைவுகளை உண்டாக்கும் இந்த நரம்பணுத் தொகுதி ‘மைய அசைவுத் தாள உருவாக்கி’ எனப்படுகிறது.

அடுத்து எழுந்த கேள்வி மறுவாழ்வுக்கு மிக முக்கியமானது. இந்தத் தொகுதிக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா? 1986-இல் கலிபோர்னியாவில் ரெஜி எட்ஜர்டன் குழுவினரும், 1987-இல் மான்ட்ரியலில் ஹியூக் பார்போவும் செர்ஜ் ரோசின்யோலும் தத்தம் ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். தண்டுவடம் முழுதாகத் துண்டிக்கப்பட்ட வளர்ந்த பூனைகளை டிரெட்மில் மீது நிறுத்தி, உடலைத் தாங்கிப் பிடித்து, தொடர்ந்து பழக்கினர். பல வாரப் பயிற்சிக்குப் பின் அப்பூனைகள் பின்னங்கால்களில் உடல் எடையைத் தாங்கி அடியெடுத்து வைத்தன.

எட்ஜர்டன் குழுவினரின் பிந்தைய சோதனைகள் இதைவிடத் தெளிவான பாடத்தைத் தந்தன. நடக்கப் பழக்கிய பூனைகள் நன்றாக நடந்தன. நிற்க மட்டுமே பழக்கிய பூனைகள் நன்றாக நின்றன. ஆனால் சரியாக நடக்கவில்லை. எதைப் பழக்குகிறோமோ அதையே தண்டுவடம் கற்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

தொங்கு பட்டையும் டிரெட்மில்லும்

பூனைக்கு உதவியது மனிதருக்கும் உதவுமா? மனிதர் இரண்டு கால்களில் நடப்பவர். மனிதத் தண்டுவடம் மூளையை நம்பியிருக்கும் அளவும் அதிகம். எனினும் முயன்று பார்க்கத் தகுந்த வழி ஒன்று கிடைத்தது. பாராசூட் வீரர்கள் அணிவது போன்ற பட்டைகளை நோயாளிக்கு மாட்டி, மேலிருந்து தொங்கவிட்டு, உடல் எடையின் ஒரு பகுதியைக் குறைத்தனர். கீழே டிரெட்மில் மெதுவாக ஓடும். இருபுறமும் அமர்ந்த இயன்முறை மருத்துவர்கள் நோயாளியின் கால்களைப் பிடித்து அடியெடுத்து வைக்க உதவுவர். பார்போ 1980-களின் இறுதியில் இம்முறையை வளர்த்தார்.

ஜெர்மனியில் அன்டன் வெர்னிக் 1992-லும் 1995-லும் வெளியிட்ட முடிவுகள் மிகுந்த நம்பிக்கை அளித்தன. முழுமையற்ற காயத்துடன் சக்கர நாற்காலியில் இருந்த பலர் இப்பயிற்சிக்குப் பின் நடந்தனர். சூரிச்சில் வோல்கர் டீட்ஸ் குழுவினர், முழுமையான காயம் உள்ளவர்களின் கால் தசைகளிலும் டிரெட்மில் மீது நடைக்குரிய மின்செயல்பாடு தோன்றுவதைப் பதிவு செய்தனர். மனிதத் தண்டுவடத்திலும் அத்தகைய நரம்பணுத் தொகுதி இருக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது.

கால்களைக் கையால் நகர்த்துவது மருத்துவர்களின் இடுப்பை ஒடிக்கும் வேலை. ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று பேர் வேண்டும். எனவே சூரிச்சில் கெரி கொலம்போ குழுவினர், கால்களைத் தானே நகர்த்தும் லோகோமேட் என்னும் ரோபோவை உருவாக்கினர். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் உலகின் பெரிய மறுவாழ்வு மையங்கள் பலவற்றுக்கு அது சென்றது.

ஒப்பீட்டுச் சோதனை தந்த அதிர்ச்சி

வெர்னிக்கின் ஆய்வில் ஒரு குறை இருந்தது. புதிய பயிற்சி பெற்றவர்களை, முன்பு வேறு பயிற்சி பெற்றுச் சென்றவர்களின் பதிவேடுகளுடன் அவர் ஒப்பிட்டார். இரு குழுவினரும் எல்லா வகையிலும் சமமானவர்கள் என்று உறுதி சொல்ல முடியாது. மேலும், காயத்திற்குப் பிந்தைய முதல் சில மாதங்களில் முழுமையற்ற காயம் உள்ளவர்களுக்கு இயல்பாகவே ஓரளவு மீட்சி உண்டாகும். அந்த மீட்சி எவ்வளவு, பயிற்சியின் பயன் எவ்வளவு என்று பிரித்தறிய, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் போல இரு குழுக்களாகப் பிரித்து ஒரே காலத்தில் ஒப்பிட வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு மையங்களில் புரூஸ் டாப்கின் தலைமையில் அத்தகைய ஆய்வு நடந்தது. காயம்பட்டு எட்டு வாரங்களுக்குள் இருந்த 146 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு குழுவினருக்குத் தொங்கு பட்டையுடன் டிரெட்மில் பயிற்சி தரப்பட்டது. மற்றக் குழுவினருக்கு அதே அளவு நேரம், வழக்கம்போல் தரையில் நிற்கவும் நடக்கவும் பயிற்சி தரப்பட்டது. 12 வாரங்கள் பயிற்சி நடந்தது. 2006-இல் முடிவு வெளிவந்தபோது இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ‘சி’, ‘டி’ படிகளில் இருந்தோருள் பெரும்பாலோர் எந்தக் குழுவில் இருந்தாலும் நடந்தனர்.

இம்முடிவை இரண்டு விதமாகப் படிக்கலாம். புதிய முறை பழையதைவிடச் சிறந்ததன்று என்பது ஒன்று. எளிய தரைப் பயிற்சியையும் முறையாக, போதிய நேரம் கொடுத்தால் அது விலையுயர்ந்த கருவிக்கு இணையான பயனைத் தரும் என்பது மற்றொன்று. பெரிய கருவிகள் வாங்க இயலாத மருத்துவமனைகளுக்கு இந்த இரண்டாவது செய்தி பெரிய ஆறுதல்.

ரோபோவின் நிலையும் இதுவே. மயாமியில் எடெல் ஃபீல்ட்-ஃபோட் குழுவினர் 2011-இல் நான்கு வகைப் பயிற்சிகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், மின்தூண்டலுடன் தரையில் பழகியவர்களே நடக்கும் தொலைவில் அதிக முன்னேற்றம் பெற்றனர். ரோபோவால் பழகியவர்களின் முன்னேற்றம் அதைவிடக் குறைவு. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. கால்களை இயந்திரமே நகர்த்திவிட்டால் நோயாளி முயல வேண்டிய தேவை குறைகிறது. தவறு செய்து திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் குறைகிறது. பிள்ளையின் கையைப் பிடித்து ஆசிரியரே எழுதிக்கொண்டிருந்தால் பிள்ளை எழுதக் கற்பதில்லை. இதனால் தேவைப்படும் அளவு மட்டுமே உதவும் வகையில் ரோபோக்களின் இயக்கத்தைப் பின்னர் திருத்தினர்.

பக்கவாதம், முழுமையற்ற தண்டுவடக் காயம் போன்றவற்றால் ஆறு மாதங்களுக்கு மேல் பாதிக்கப்பட்டோருக்கான அமெரிக்க வழிகாட்டி நெறி 2020-இல் வெளியானது. இதயத் துடிப்பு நன்கு உயரும் அளவுக்குத் தீவிரமாக நடந்து பழகுவதை அது பரிந்துரைத்தது. தொங்கு பட்டை டிரெட்மில்லையும் ரோபோ நடையையும் இவர்களின் நடை வேகத்தையும் தொலைவையும் கூட்டுவதற்காகப் பயன்படுத்த வேண்டாம் என்றது. பூனைகள் கற்பித்த பாடத்தை இது மறுக்கவில்லை. நடக்கப் பழக, நடந்தே பழக வேண்டும் என்பதுதான் அந்தப் பாடம். அதற்குக் கருவி கட்டாயமில்லை.

தசைக்கு மின்சாரம், உடலுக்கு இயந்திரச் சட்டம்

சேதமான பாதையைச் சுற்றிக்கொண்டு போகும் முயற்சிகளும் இதற்கு இணையாக நடந்தன. 1960-இல் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் கால் செயலிழந்த ஒருவரின் தசைகளை மின்தூண்டலால் சுருங்கவைத்து அவரை எழுந்து நிற்கச் செய்தார். 1961-இல் விளாடிமிர் லிபர்சன் பக்கவாத நோயாளிகளின் தொங்கும் பாதத்தை மின்தூண்டலால் உயர்த்தும் கருவியை விவரித்தார். ஸ்லோவேனியாவின் லியுப்லியானா நகரில் அலோய்ஸ் கிரால், தடே பாய்ட் ஆகியோர் 1980-களில் பல மின்முனைகளைக் கொண்டு அடியெடுத்து வைக்கச் செய்தனர். 1994-இல் அமெரிக்காவில் பாராஸ்டெப் என்னும் கருவிக்கு ஒப்புதல் கிடைத்தது. மின்சாரத்தால் சுருங்கும் தசை விரைவில் களைத்துவிடும் என்பது இம்முறையின் பெரிய தடை. சிறிது தூரத்திற்கு மேல் போவது கடினம்.

உடலுக்கு வெளியே அணியும் மோட்டார் பொருத்திய சட்டம் எக்ஸோஸ்கெலிட்டன் எனப்படுகிறது. கால் செயலிழந்தோருக்கான இத்தகைய சட்டங்களை 1970-களின் தொடக்கத்திலேயே பெல்கிரேடில் மியோமிர் வுகோப்ராடோவிச் உருவாக்கினார். மின்கலங்களும் மோட்டார்களும் சிறுத்த பிறகே அவை பயன்பாட்டுக்கு வந்தன. இஸ்ரேலியப் பொறியாளர் அமித் கோஃபர் உருவாக்கிய ரீவாக் 2014-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. கோஃபர் 1997-இல் விபத்தில் கை கால்கள் செயலிழந்தவர். ரீவாக்கை இயக்கக் கைகளால் ஊன்றுகோல் பிடிக்க வேண்டும் என்பதால், தாம் படைத்த கருவியை அவரால் பயன்படுத்த முடியவில்லை.

இந்தச் சட்டங்களின் வேகம் குறைவு. விலை மிக அதிகம். நெடுங்காலம் நடக்காதவர்களின் எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதால் முறிவு ஏற்படும் ஆபத்தும் உண்டு. அன்றாடம் வெளியே சென்றுவரச் சக்கர நாற்காலியே இன்னும் எளிது. எழுந்து நிற்பதும், எதிரில் இருப்பவரின் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசுவதும் பலருக்குப் பெரிய மனநிறைவு தருகின்றன.

தண்டுவடத்தை மின்னால் தூண்டுதல்

1967-இல் வலியைக் குறைப்பதற்காகத் தண்டுவடத்தை மின்னால் தூண்டும் முறை அறிமுகமாயிற்று. தண்டுவடத்தின் உறைமீது மின்முனை வைத்துத் தூண்டுவது எபிடியூரல் மின்தூண்டல் எனப்படுகிறது. 1998-இல் வியன்னாவில் மிலன் திமித்ரியெவிச் குழுவினர், முழுமையான காயம் உடையோரின் இடுப்புத் தண்டுவடத்தைச் சீரான மின்துடிப்புகளால் தூண்டியபோது, படுத்திருந்த அவர்களின் கால்களில் நடைபோன்ற தாள அசைவு தோன்றியது. மேலிருந்து வரும் கட்டளை இல்லாவிட்டாலும் மனிதத் தண்டுவடம் தாளத்தை உண்டாக்கும் என்பதற்கு இது முக்கியச் சான்று.

அமெரிக்காவின் லூயிவில் நகரில் சூசன் ஹார்கமா, எட்ஜர்டன் ஆகியோரின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. கார் மோதி மார்புக்குக் கீழே செயலிழந்த இளைஞர் ஒருவர் 26 மாதங்களில் 170 முறை நடைப் பயிற்சி பெற்றும் முன்னேற்றம் இல்லை. பிறகு 16 மின்முனைகள் பொருத்தப்பட்டன. மின்தூண்டலின்போது, சமநிலைக்கு மட்டும் பிறர் துணை இருக்க, அவர் தம் எடையைத் தாமே தாங்கி 4.25 நிமிடங்கள் நின்றார். ஏழு மாதங்களுக்குப் பின் தாம் விரும்பியபோது காலை அசைக்கவும் முடிந்தது. ஆனால் மின்தூண்டல் இருக்கும்போது மட்டுமே அது இயன்றது.

இதிலிருந்து கிடைத்த பாடம் எதிர்பாராதது. ‘முழுமையான’ காயம் என்று பரிசோதனையில் தெரிந்தவர்களிடமும் மூளையிலிருந்து வரும் சில இழைகள் எஞ்சியிருக்கலாம். அவை கொண்டுவரும் செய்தி மிக மெலிது. மின்தூண்டல் கால்களை நேரடியாக நடக்க வைப்பதில்லை. உறங்கிக்கிடக்கும் நரம்பணுக்களை விழிப்பு நிலைக்குக் கொண்டுவந்து, அந்த மெல்லிய செய்தியைக் கேட்கச் செய்கிறது.

2018-இல் மூன்று குழுக்கள் நடையையே காட்டின. லூயிவில் ஆய்வில் பங்கேற்ற நால்வருள் இருவர் நீண்ட பயிற்சிக்குப் பின் மின்தூண்டலுடன் தரையில் நடந்தனர். அவர்களுள் ஒருவருக்கு 85 வாரங்களில் 278 பயிற்சிகள் தேவைப்பட்டன. அந்நால்வருள் ஒருவருக்குப் பயிற்சியின்போது இடுப்பெலும்பு முறிந்தது. மேயோ மருத்துவ மையத்தில் ஒருவர் உருளை நடைச்சட்டத்துடன் அடியெடுத்து வைத்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரெகுவார் கூர்ட்டீன், ஜோசலின் பிளாக் ஆகியோர் வேறு வழியைப் பின்பற்றினர். தொடர்ந்து ஒரே சீராகத் தூண்டாமல், எந்தத் தசை எந்த நொடியில் வேலை செய்ய வேண்டுமோ அதற்குரிய பகுதியை மட்டும் உரிய நேரத்தில் தூண்டினர். மூவரும் சில நாள்களிலேயே உடல் தாங்கியுடன் அடியெடுத்து வைத்தனர். சில மாதப் பயிற்சிக்குப் பின், தூண்டலை நிறுத்திய நிலையிலும் முன்பு செயலிழந்திருந்த தசைகளை அசைத்தனர்.

2022-இல் அதே குழுவினர் ஒன்பது நோயாளிகளின் முன்னேற்றத்தையும் எலிகளின் நரம்பணுக்களையும் சேர்த்து ஆராய்ந்தனர். நடை மீண்டு வரும்போது தண்டுவடத்தின் செயல்பாடு கூடும் என்றே பலரும் எதிர்பார்ப்பர். அது குறைந்தது. தேவையற்ற நரம்பணுக்கள் ஓய்ந்து, ஒரு குறிப்பிட்ட வகை நரம்பணுக்கள் பொறுப்பேற்றன. கைதேர்ந்தவர் குறைந்த முயற்சியில் வேலையை முடிப்பதை இது ஒத்திருக்கிறது.

மூளைக்கும் தண்டுவடத்திற்கும் பாலம்

மேற்கூறிய முறையில் தூண்டலைத் தொடங்குவதும் நிறுத்துவதும் கருவியின் வேலை. நடப்பவரின் எண்ணமே அதைச் செய்தால் என்ன என்பது அடுத்த படி. 2023-இல் லோசான் குழுவினர் அதைச் செய்து காட்டினர். பத்து ஆண்டுகளுக்கும் முன்பு விபத்தில் கழுத்துத் தண்டுவடத்தில் காயம்பட்ட நெதர்லாந்துக்காரர் ஒருவரின் மூளை உறைமீது, பிரான்சின் கிரெனோபிள் நகரில் உருவாக்கப்பட்ட இரண்டு பதிவுக் கருவிகளைப் பொருத்தினர். ஒவ்வொன்றிலும் 64 மின்முனைகள் உண்டு. காலை அசைக்க அவர் எண்ணும்போது மூளையில் எழும் மின்னலைகளைக் கணினி படித்து, தண்டுவடத் தூண்டியை இயக்குகிறது. அவர் தம் விருப்பப்படி நின்றார், நடந்தார், படியேறினார். பயிற்சிக்குப் பின், கருவியை நிறுத்திய போதும் ஊன்றுகோலுடன் நடக்க முடிந்தது. இது ஒருவரிடம் மட்டும் கிடைத்த முடிவு என்பதை மறக்கக் கூடாது.

அறுந்த நரம்பிழைகளை மீண்டும் வளர்க்கும் முயற்சி தனியொரு பெரிய துறை. அங்கும் பயிற்சியின் பங்கு வெளிப்பட்டிருக்கிறது. ஜேம்ஸ் ஃபாசெட் குழுவினர் 2009-இல் எலிகளுக்கு இழைகளின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களை நீக்கும் நொதியைச் செலுத்தி, வெவ்வேறு பயிற்சிகளை அளித்தனர். முன்னங்காலால் இரையைப் பற்றப் பழகிய எலிகள் அதில் தேர்ந்தன. பொதுவான உடற்பயிற்சி மட்டும் பெற்றவற்றின் நடை மேம்பட்டது. இரையைப் பற்றும் திறனோ குன்றியது. மருந்து வாய்ப்பைத் திறக்கிறது. எதைக் கற்பது என்பதைப் பயிற்சியே முடிவு செய்கிறது.

நடை மட்டும்தானா?

ஆராய்ச்சியாளர்கள் நடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது, காயம்பட்டவர்களிடமே அவர்களுடைய தேவையைக் கேட்டவர் கிம் ஆண்டர்சன். அவரும் தண்டுவடக் காயத்துடன் வாழ்பவர். 681 பேரிடம் கேட்டு 2004-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், கை கால்கள் நான்கும் பாதிக்கப்பட்டோர் முதலில் வேண்டியது கைகளின் செயல்பாட்டை. கால்கள் மட்டும் பாதிக்கப்பட்டோர் பாலியல் செயல்பாட்டை முதலில் வைத்தனர். சிறுநீர், மலக் கட்டுப்பாடும் இரு சாராருக்கும் முக்கியமாக இருந்தது. நடை எல்லோருக்கும் முதல் விருப்பம் அன்று.

இந்தக் குரல் ஆராய்ச்சியின் போக்கையும் பாதித்தது. தோலின் மேல் மின்முனைகளை ஒட்டித் தண்டுவடத்தைத் தூண்டும், அறுவை தேவையில்லாத முறை ஒன்று கைகளுக்காகச் சோதிக்கப்பட்டது. 60 பேர் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2024-இல் வெளியானது. அவர்களுள் 72 விழுக்காட்டினரின் கைகள் வலிமையிலும் செயல்பாட்டிலும் முன்னேறின. அதே ஆண்டு டிசம்பரில் அக்கருவிக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. எபிடியூரல் தூண்டல் இரத்த அழுத்தத்தைச் சீராக்குமா, சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்த உதவுமா என்ற ஆய்வுகளும் நடைபெறுகின்றன.

இன்றைய நிலை

இன்று காயம்பட்ட ஒருவர் மீண்டும் நடக்க முடியுமா என்று கேட்டால், மருத்துவர் முதலில் காயத்தின் படியைப் பார்க்கிறார். முழுமையற்ற காயமாயின், காலந்தாழ்த்தாமல் தொடங்கிய, தீவிரமான, இடைவிடாத நடைப் பயிற்சி பலன் தருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குத் தேவை நல்ல இயன்முறை மருத்துவரும் தரையும் நேரமும். முழுமையான காயமாயின், மின்தூண்டல் ஆய்வுகள் உண்மையான நம்பிக்கையைத் தருகின்றன. ஆனால் அவற்றில் நடந்தவர்கள் மிகச் சிலரே. பல மாதப் பயிற்சியும் அறுவைச் சிகிச்சையும் தேவைப்பட்டன. பெரும்பாலோர் நடைச்சட்டத்தையோ ஊன்றுகோலையோ பிடித்தே நடந்தனர். நாளிதழில் வரும் ஒரு படத்தைக் கண்டு வீட்டை விற்றுச் சிகிச்சைக்குப் புறப்படுவதற்கு முன், எத்தனை பேரிடம் அது சோதிக்கப்பட்டது, எதனுடன் ஒப்பிடப்பட்டது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்பது நல்லது.

படுக்கைப் புண்ணைத் தடுப்பதும், சிறுநீர்ப்பையைக் காப்பதும், மூட்டுகள் இறுகாமல் பார்த்துக்கொள்வதும் குட்மன் காலத்தைப் போலவே இன்றும் முதற்கடமைகள். நாளை ஒரு புதிய சிகிச்சை வந்தாலும், அதைப் பெறும் நிலையில் உடல் இருந்தால்தான் பயன்படும். வேலூரில் மேரி வர்கீஸ் தம் பணியைச் சக்கர நாற்காலியிலிருந்தே செய்தார். நடை திரும்பும் நாளுக்காக அவர் காத்திருக்கவில்லை.